சத்துர்னீனோவின் பங்கு

நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. லா பாஸ் மலைச்சரிவில் இருபது வருடம் பஸ் வாசலில் தொங்கிக்கொண்டு ஆள் ஏற்றி இறக்கியவளுக்கு அந்தக் குணம் தானாக வந்துவிடும். இறங்கும் இடம் தாண்டும்வரை தூங்குவதாக நடிப்பவன், நேற்றே கொடுத்துவிட்டேன் என்று சத்தியம் செய்பவள், எல்லாரும் எனக்கு அத்துப்படி. என் பெயர் பெனித்தா. வண்டி என்னுடையது. மூக்கு நீண்ட பழைய டாட்ஜ், பச்சை நிறம், என்னைவிட நான்கு வயதுதான் இளையது. என் புருஷன் சத்துர்னீனோ ஓட்டிய வண்டி. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவருடைய தம்பி எர்மோ ஓட்டினான். அவனுக்கு நான் செய்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் சங்கத்தில் முப்பத்தொரு வண்டிகள். காலையில் சரிவின் உச்சியிலிருந்து யார் முதலில் கிளம்புவது, யார் அடுத்தது என்று வரிசை உண்டு. எங்களுடையது ஆறாவது இடம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மார்க்கெட் பெண்கள், ஆபீஸ்காரர்கள் எல்லாரும் எங்கள் வண்டியில்தான் நெரிவார்கள். இருபத்தைந்துக்குப் பின்னால் போனால் வெயில் ஏறிய பிறகு காலி சீட்டுகளோடு உருள வேண்டியதுதான். அந்த ஆறாவது இடத்துக்காகச் சத்துர்னீனோ பதினெட்டு வருடம் காத்திருந்தார். சங்கத்தில் ஒரு விதி: ஒரே மாதத்தில் மூன்று முறை வண்டி நடுவழியில் நின்றால் இடம் போய்விடும். வண்டியைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவருக்கு முன்வரிசை எதற்கு என்பது அவர்கள் நியாயம்.

வண்டியோ ஒரு வருடமாகவே படுத்தி எடுத்தது. ஒரு நாள் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது, 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும். அடுத்த நாள் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்தால் ஹாரன் முனகும். ஹெட்லைட்டைப் போட்டால் உள்ளே எரியும் பல்பு மங்கும். ஏற்றத்தில் பாதி வழியில் இன்ஜின் செத்துப்போகும், பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். ஒருமுறை ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டுவிட்டு எர்மோ கையை உதறினான்.

"அண்ணி, இந்தக் கம்பி ஏன் இப்படிச் சுடுது? செல்ஃப் அடிக்கும்போது இது சுடக் கூடாதே."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு. கம்பி ஆராய்ச்சி அப்புறம் பண்ணலாம்" என்றேன்.

நான் முதலில் சந்தேகப்பட்டது எலக்ட்ரீஷியன் கலிஸ்தோவை. பேட்டரி என்றான், மாற்றினோம். டைனமோ என்றான், மாற்றினோம். காயில், பாயிண்ட், பிளக், எல்லாம் மாற்றியாயிற்று. வண்டி மட்டும் மாறவில்லை. நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டுகிறானோ என்று, ஒவ்வொரு சாமானின் அடியிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். அடுத்தடுத்த முறை குனிந்து பார்த்தேன். எல்லாப் புள்ளிகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. கலிஸ்தோ ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, டைனமோவுக்குப் பொட்டு வச்சிருக்கீங்க. கல்யாணம் பண்ணி வைக்கப் போறீங்களா?"

"உன்னை மாதிரி மாப்பிள்ளை கிடைச்சா பண்ணி வைப்பேன். வேலையைப் பாரு."

அவன் இல்லை என்று ஆனதும் என் கண் எர்மோ பக்கம் திரும்பியது. ஒருமுறை திரும்பிய பிறகு, எதைப் பார்த்தாலும் அவன்மேலேயே போய் நின்றது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சல்யா. வீடு, கடை, வண்டி, எது சோறு போடுகிறதோ அதற்கெல்லாம் பூமித்தாயின் பெயரால் பீர் ஊற்றி, பூவிதழும் வண்ணக் காகிதத் துண்டுகளும் தூவ வேண்டும். நாலு டயருக்கும் ஊற்றிய பிறகு பானெட்டைத் திறந்து பேட்டரி பக்கத்து மூலையில் ஒரு வாய் ஊற்றுவது சத்துர்னீனோவின் வழக்கம். உயிர் அங்கேதான் இருக்கிறது என்பார். அவர் போன பிறகு அந்த மூலையில் ஒரு வாய் இல்லை, ஒரு முழுப் பாட்டில் ஊற்றினேன். அது அவருடைய பங்கு. அவர் குடித்தால் ஒரு பாட்டிலில் பாதி வைக்கிறவர் இல்லை.

எர்மோவுக்கு அது பிடிக்கவில்லை.

"அண்ணி, இந்தத் தடவை டயருக்கு மட்டும் ஊத்துவோமே" என்று ஒருமுறை சொன்னான். இன்னொரு முறை, "தரையில ஊத்தினாலும் அண்ணனுக்குப் போகும்ல?" என்றான்.

"செத்தவன் குடிக்கிறது உனக்கு வலிக்குதா?" என்று கேட்டேன். கூடப் பிறந்தவனுக்குச் செத்த அண்ணனின் பங்கு கண்ணை உறுத்துகிறது. அதோடு ஒரூரோவிலிருந்து யாரோ பழைய வண்டி வாங்க வருகிறார், இதைக் கொடுத்துவிட்டுச் சின்ன வேன் ஒன்று எடுக்கலாம் என்று இரண்டு முறை சொல்லியிருந்தான். சரிதான், வண்டியைக் கெடுத்து, என்னைச் சலிக்க வைத்து, விற்க வைக்கப் பார்க்கிறான் என்று கணக்குப் போட்டேன். காலண்டரில் குறித்தும் வைத்தேன். சல்யா வெள்ளிக்கிழமை இரவு வண்டி முக்கும். சனிக்கிழமை கழுவுகிறேன் என்று அவன் தனியாக ஓடைப் பக்கம் கொண்டுபோவான். மத்தியானம் திரும்பி வரும்போது வண்டி குதிரை மாதிரி ஓடும். கெடுத்துவைத்தவனால்தானே இப்படிச் சட்டென்று சரிசெய்ய முடியும்? எனக்கு அது வெள்ளிடைமலையாகத் தெரிந்தது.

அந்த மாதம் முதல் வாரத்திலேயே இரண்டு முறை நடுவழியில் நின்றுவிட்டோம். முதல் வெள்ளி முடிந்த மறுநாள், அவன் கிளம்பியதும் நானும் வேறொரு வண்டியில் ஏறி ஓடைக்குப் போனேன். பானெட் திறந்திருந்தது. எர்மோ இடுப்புவரை உள்ளே குனிந்திருந்தான். கையில் ஸ்பேனர். பக்கத்தில் ஆவி பறக்கும் கெட்டில். மட்கார்டின் மேல் வெள்ளைப் பொடி இருந்த ஒரு பொட்டலம்.

"என்னடா பண்றே?"

அவன் தலையைத் தூக்கிய வேகத்தில் பானெட்டில் இடித்துக்கொண்டான். உள்ளே எதையோ அவசரமாகப் பொருத்தி மூடிவிட்டு, பொட்டலத்தை எடுத்துச் சட்டென்று ஜாக்கெட்டுக்குள் திணித்தான்.

"ஒண்ணுமில்ல அண்ணி. சுத்தம் பண்றேன்."

"கையில என்ன பொடி?"

"சோடா."

"ரொட்டி சுடப் போறியா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. என் கண்ணுக்கு அது குற்றவாளியின் முகம். சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். பானெட்டைப் படாரென்று சாத்தினேன்.

"அண்ணி, அந்த போல்ட்டு பாதிதான் முறுக்கியிருக்கேன். அதை மட்டும்..."

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

திங்கட்கிழமை அவன் ஓட்ட, நான் அவனுடைய கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேச்சுவார்த்தை இல்லை. பாதி ஏற்றத்தில் வண்டி மூன்றாவது முறையாக நின்றது. பின்னால் வந்த ஏழாம் நம்பர் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது.

வியாழக்கிழமை சங்கக் கூட்டம். செயலாளர் ப்ளாசிதோ என் பெயரைப் படித்து, "மூணு தடவை. விதி தெரியும்ல பெனித்தாம்மா?" என்றார். நான் எழுந்தேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். கொழுந்தன் மாதாமாதம் சனிக்கிழமை வண்டியில் கை வைக்கிறான், ஸ்பேனரோடும் பொடியோடும் கையும் களவுமாகப் பிடித்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

ப்ளாசிதோ பேனாவை மேசையில் தட்டினார். "முதலாளிக்குத் தெரியாம ஒருத்தன் கை வச்சிருந்தா அது முதலாளி தப்பு இல்ல. மூணும் கணக்குல வராது. ஆனா அடுத்த வியாழனுக்குள்ள எலக்ட்ரீஷியன்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க." எர்மோவைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்றே?"

எர்மோ என்னைப் பார்த்தான். என்னை மட்டும்தான் பார்த்தான்.

"அண்ணி சொன்னா சொன்னதுதான்" என்றான்.

சங்க அட்டையை மேசையில் வைத்தான். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருவர், "அண்ணன் வண்டியிலயே விளையாடிட்டான் பாரு" என்றார். பலகையில் இருந்த அவன் பெயரை ப்ளாசிதோ அங்கேயே அடித்துவிட்டார். இனி இந்தச் சரிவில் எந்த வண்டியிலும் அவனுக்கு ஸ்டியரிங் கிடையாது. நான் நிமிர்ந்து நடந்து வெளியே வந்தேன். நியாயம் கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாவியைத் திருப்பினேன். 'டக்' என்ற அந்தச் சத்தம்கூட வரவில்லை. சனி, ஞாயிறு, திங்கள், வண்டி கல்லாக நின்றது. புதன்கிழமை காலையில் கலிஸ்தோ பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வந்தவன் எதையும் கழற்றவில்லை. ஒரு தடித்த கேபிளை எடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் கவ்வ வைத்தான், மறு முனையை இன்ஜின் இரும்பிலேயே கவ்வ வைத்தான்.

"இப்போ அடிங்கக்கா."

அடித்தேன். இன்ஜின் ஒரே மூச்சில் பிடித்தது. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கலிஸ்தோ தலையில் கை வைத்தான். "நான் ஒரு முட்டாள்க்கா. ஒரு வருஷமா போற வழியையே பார்த்துட்டு இருந்தேன். கரண்டு போகுது, திரும்பி வர வழி இல்ல. பேட்டரியையும் வண்டி இரும்பையும் சேர்க்கிற எர்த் பட்டை செத்துப்போச்சு. வேற வழி இல்லாம ஆக்சிலேட்டர் கேபிள் வழியா வந்திருக்கு."

கம்பி ஏன் சுடுகிறது என்று எர்மோ கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எங்கே அந்தப் பட்டை?"

அவன் விரலை நீட்டினான். நீட்டிய விரல் பாதியில் நின்றது. பேட்டரிக்குக் கீழே, நான் மாதாமாதம் பீர் ஊற்றும் மூலை. பூவிதழும் காகிதத் துண்டும் பீரும் சேர்ந்து ஒரு கெட்டியான மேடாக அந்த இடத்தை மூடியிருந்தது.

"நான் எடுக்க மாட்டேன்க்கா. அடுத்தவங்க சல்யாவுல கை வைக்கிறதா? இத்தனை நாளும் இதைச் சுத்திச் சுத்தித்தானே வேலை பார்த்தேன். நான் மட்டுமா, எவன் வந்தாலும் அப்படித்தான்."

நானே எடுத்தேன். பாளம் பாளமாக வரும் என்று நினைத்து நகத்தைக் கொடுத்தால், அது மூடி மாதிரி ஒரே துண்டாகக் கழன்று வந்தது. ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தது. யாரோ இதற்கு முன்பே கவனமாகப் பெயர்த்து, கவனமாக அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். கீழே பட்டை பச்சைப் பொடியாக உதிர்ந்துகிடந்தது. போல்ட்டும் அதைச் சுற்றிய இரும்பும் மட்டும் வெள்ளி மாதிரி பளபளத்தன. இடுக்குகளில் வெள்ளைப் பொடி காய்ந்திருந்தது. போல்ட் பாதி முறுக்கில் நின்றது.

கலிஸ்தோ டார்ச் அடித்துப் பார்த்தான். "மாசாமாசம் யாரோ சோடாத் தண்ணி ஊத்தித் தேச்சிருக்காங்க. பீருல இருக்கிற புளிப்பும் சக்கரையும் இரும்பை விடுமா? இந்தக் கைப்புண்ணியம் இல்லேன்னா இந்த வண்டி எப்பவோ படுத்திருக்கும்க்கா."

நான் மட்கார்டைப் பிடித்துக்கொண்டேன். மேட்டின் அடிப்பக்கத்தில் மூன்று வருடத்துக் காகிதம் அடுக்கடுக்காகத் தெரிந்தது. மஞ்சள், ஊதா, ரோஸ். எல்லாம் என் கையால் தூவியவை. சத்துர்னீனோவின் பங்கு முழுவதும் அங்கேயே இருந்தது. என் வண்டியைக் கெடுத்தது நான். காப்பாற்றியவனைத்தான் விரட்டினேன்.

கலிஸ்தோ புதுப் பட்டையை மாட்டினான். பிறகு ஒரு தாளை எடுத்துவைத்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"'எர்த் போல்ட்டை ஸ்பேனர் வச்சுத் தளர்த்தியிருக்கு'ன்னு எழுதித் தரவா? அது பொய்யும் இல்ல. உங்க ஆறாம் நம்பர் தப்பிச்சிடும்."

"எழுது" என்றேன். என் வாய்தான் சொன்னது. தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்படியே எர்மோவின் வீட்டுக்கு நடந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் மனைவி இலாரியா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அவரு இல்லக்கா. காலையில வில்யாசோன் பஸ் ஏறிட்டாரு. அங்கேருந்து எல்லை தாண்டி அர்ஜென்டினா. புவெனோஸ் அயர்ஸ்ல தையல் பட்டறையில ஆள் எடுக்கறாங்களாம். இங்கே வண்டி கிடையாதுன்னு ஆயிடுச்சுல்ல."

"அவன் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னாரே. டயருக்கு மட்டும் ஊத்துங்கன்னு சொல்லல? நீங்க என்ன கேட்டீங்க, செத்தவன் குடிக்கிறது உனக்கு வலிக்குதான்னு கேட்டீங்க." அவள் குரல் உடைந்தது. "நான் எத்தனை தடவை சொன்னேன், நேராப் போட்டு உடைங்கன்னு. 'அண்ணனுக்குன்னு ஊத்தறாங்க, அண்ணன் பங்குதான் வண்டியைத் தின்னுதுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்'னாரு. அவங்க ஊத்தட்டும், நாம தொடைப்போம்னு இருந்துட்டாரு."

உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். ஒரு கம்பி பிரஷ். ஒரு கிலோ சோடாப் பொட்டலம், பிரிக்காதது.

"கலிஸ்தோகிட்ட கொடுக்கச் சொன்னாரு. அவரு கொடுத்ததுன்னு உங்களுக்குத் தெரியக் கூடாதாம்."

எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் திரும்பி நடந்தேன். தெரு முக்கு திரும்பிய பிறகு அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் கூட்டத்துக்குள் நுழையும்போது தாள் ரவிக்கைக்குள்ளேயே இருந்தது. ஒளிக்க விரும்பவில்லை, சொல்லிவிடுகிறேன்: ப்ளாசிதோ என் பெயரைக் கூப்பிடும்வரை அதைக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பதினெட்டு வருடம் காத்திருந்து வாங்கிய இடம். எர்மோ போய்விட்டான், இனி யாருக்கு நஷ்டம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அப்போது சுவரில் இருந்த பலகையைப் பார்த்தேன். அடித்த கோட்டுக்கு அடியில் அவன் பெயர் இன்னும் தெரிந்தது.

"எலக்ட்ரீஷியன் என்ன எழுதியிருக்காரு?" என்றார் ப்ளாசிதோ.

"எழுதினதை விடுங்க. நான் சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். மாதம் ஒரு பாட்டில் பீரை எர்த் பட்டையில் ஊற்றியது நான். அது புருஷனுடைய பங்கு என்று நினைத்தேன். கொழுந்தன் ஒவ்வொரு முறையும் மறுநாள் சனிக்கிழமை அதைச் சோடா போட்டுக் கழுவினான், என் மனம் நோகக் கூடாது என்று மேலே இருந்ததை மறுபடியும் மூடி வைத்தான். அவன்தான் வண்டியைக் கெடுக்கிறான் என்று நான் இதே இடத்தில் நின்று சொன்னேன். கடைசி முறை வண்டி நின்றதும் நான் பாதியில் அவன் கையைத் தடுத்ததால்தான். தப்பு முழுக்க என்னுடையது.

பின்வரிசையில் ஒருவர், "சத்துர்னீனோ செத்தும் வண்டியை விடல பாரு, பேட்டரி வரைக்கும் குடிச்சிருக்கான்" என்றார். கூடம் வெடித்துச் சிரித்தது. ஏழாம் நம்பர்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ப்ளாசிதோகூட வாயைக் கையால் மூடிக்கொண்டார். என் காது பற்றி எரிந்தது. நான் உட்காரவில்லை, சிரித்து முடியும்வரை நின்றேன். எர்மோ அன்று நின்ற இடமும் அதுதான்.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. எர்மோவின் பெயர் மறுபடியும் பலகையில். மூன்று முறை நின்றது முதலாளியின் தப்பு, ஆகவே ஆறாவது இடம் போயிற்று. என் வண்டிக்கு இனி முப்பத்தொன்று, கடைசி.

இலாரியா வீட்டு வாசலில் நின்றே சொன்னேன். அவள் போனை அழுத்தி என் கையில் கொடுத்தாள். அந்தப் பக்கம் வில்யாசோன் பஸ் நிலையத்துச் சத்தம்.

"இலாரியா?"

"நான்தான், எர்மோ."

அவன் கேட்டது, "அண்ணி, வண்டி ஸ்டார்ட் ஆகுதா?"

"ஆகுது. புதுப் பட்டை போட்டாச்சு. உன் பேரைத் திரும்ப எழுதிட்டாங்க. வந்துடு."

"யாரு பேசினா எனக்காக? கலிஸ்தோவா?"

"நான்தான். எல்லாத்தையும் சொன்னேன். பாட்டில், சோடா, எல்லாம். இடம் போயிடுச்சு, இப்ப நாம முப்பத்தொண்ணு."

"கூட்டத்துல வச்சா சொன்னீங்க? எழுந்து நின்னா?"

"நின்னுதான்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும். ப்ளாசிதோகூட."

எதிர்முனையில் யாரோ புவெனோஸ் அயர்ஸ், புவெனோஸ் அயர்ஸ் என்று கூவி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எர்மோ மூச்சு விடுவது கேட்டது. இலாரியா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி" என்றான் எர்மோ. "காலையில முதல் பஸ்ல ஏறித் திரும்பி வந்துடறேன். அதுவரைக்கும் நீங்க பானெட்டைத் திறக்காதீங்க."